இட்லிப் பானையின் சாட்சியம்

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் மாதிரி வகுப்பு ஒன்றைத் திரையில் ஓட்டினார்கள். ஆறாம் வகுப்பு, ஆவியாதல் பாடம். டீச்சர் உள்ளே வந்ததும் பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. “இன்னைக்கு யார் யார் வீட்ல இட்லி?” என்று கேட்டார். பாதி வகுப்பு கை தூக்கியது. “இட்லிப் பானை மூடியத் தெறந்தா என்ன வரும்?” “ஆவி மிஸ்!” பின்வரிசையில் ஒரு பயல் பேய்க்குரலில் ஊளையிட, ஒரே சிரிப்பு. “அந்த ஆவி எதுலேருந்து வந்துச்சு?” “தண்ணியிலேருந்து மிஸ்.” “தண்ணி ஆவியா மாறுறதுக்குப் பேருதான்…” என்று இழுத்தபடியே கரும்பலகையில் ஆவியாதல் என்று எழுதினார். நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டலில் ஒரு குரல் அமுங்கிப் போனது. சன்னலோரம் இருந்த ஒரு பெண், கைகூடத் தூக்காமல், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: “மழக்காலத்துல எங்க வீட்ல துணிய உள்ளதான் மிஸ் கொடியில போடுவோம். அதுவும் காயுது.” டீச்சர் “வெரி குட்” என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

படம் முடிந்ததும் கருத்தாளர் சொன்னது, பிள்ளையின் அனுபவத்தில் தொடங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி என்று. எனக்கோ அந்தப் பெண் சொன்ன ஒரே வாக்கியத்தில்தான் அன்றைய பாடம் முழுவதும் இருந்ததாகப் பட்டது. தேநீர் இடைவேளையில் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதை இங்கே கேட்கிறேன்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். முன்னறிவோடு இணைத்துச் சொல்லித்தருவது நல்ல விஷயம். யஷ்பால் தலைமையில் உருவான 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு அறிவைச் சேர்க்க வேண்டும் என்பதைத் தன் வழிகாட்டும் கொள்கைகளில் ஒன்றாக வைத்தபோது, நம் வகுப்பறைகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. வாய் திறக்காத பிள்ளை இட்லிப் பானையைப் பற்றிக் கேட்டால் திறக்கிறது. ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். படிப்பதில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். தெரிந்தது இருந்தால்தான் தெரியாதது ஒட்டும். இதில் எனக்குச் சண்டை இல்லை.

புதுமை என்று சொல்வதில்தான் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பாடக்குறிப்பில் ‘முன்னறிவு’ என்று ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழே ‘மாணவர்கள் நீர் கொதிப்பதை அறிவர்’ என்பதுபோல ஒரு வரி எழுதியிருப்போம். அந்தத் தலைப்பின் பூர்வீகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனி. ஹெர்பார்ட் என்ற தத்துவவாதி சொன்னதை அவருடைய சீடர்கள் ஐந்து படிகளாக்கினார்கள். முதல் படியே ‘ஆயத்தம்’: மாணவன் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத் தட்டியெழுப்புவது. அந்தப் படி கடல் தாண்டி நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்து, நோட்டில் ஒரு தலைப்பாகி, அதிகாரி கையெழுத்துப் போடும் இடமாக உறைந்துவிட்டது. செயல்வழிக் கற்றலின் அட்டைகள் வந்தன, மன வரைபடம் வந்தது, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இவை ஒவ்வொன்றும் வேறு ஏதேதோ மாற்றின. முன்னறிவுத் தலைப்பை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

பயிற்சிகளில் உளவியலாளர் ஆசுபெலின் பெயரையும் சொல்வார்கள். மாணவனுக்கு என்ன தெரியும் என்பதுதான் கற்றலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று 1968இல் எழுதியவர். அதோடு அவர் நிறுத்தவில்லை. தெரிந்ததைக் கண்டுபிடி, கண்டுபிடித்தபடி உன் பாடத்தை அமைத்துக்கொள் என்பதும் சேர்ந்துதான் அவர் அறிவுரை. அந்தப் பின்பாதி நம் பயிற்சிகளுக்கு வந்து சேரவில்லை. மாதிரி வகுப்பு டீச்சர் ‘ஆவியாதல்’ என்ற சொல்லை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகள் என்ன பதில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் அந்த நாலாவது நிமிடத்தில் கரும்பலகைக்கு வந்திருக்கும்.

இனி என் பழைய மனக்குறைக்கு வருகிறேன். நாம் பிள்ளைகளின் அனுபவத்தைக் கேட்பதே இல்லை. பாடத்தோடு ஒத்துப்போகும் அனுபவத்தை மட்டும் பொறுக்கிக்கொள்கிறோம். ஆமாம் போடும் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறோம். குறுக்குக் கேள்வி கேட்கும் அனுபவம் வந்தால் ‘வெரி குட்’ சொல்லி இறக்கிவிடுகிறோம்.

இட்லிப் பானையையே எடுத்துக்கொள்வோம். ஆவியாதலுக்கு அதைவிடக் கெட்ட உதாரணம் கிடைப்பது அரிது. பானைக்குள் நடப்பது கொதித்தல். அதற்கு அடுப்பு வேண்டும். ஆவியாதலுக்கு அடுப்பு வேண்டியதில்லை. எந்த வெப்பநிலையிலும், நீரின் மேற்பரப்பிலிருந்து, சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருப்பது அது. மூடியைத் திறந்தால் வெள்ளையாக எழுகிறதே, அதுவும் உண்மையில் நீராவி இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீரான பொடித்துளிகளைத்தான் நாம் ஆவி என்கிறோம். ஆக, ஆவியாதல் என்று சொல்லி, கொதித்தலையும் அதற்குப் பின் நடக்கும் ஆவி சுருங்குதலையும் காட்டியிருக்கிறோம். பிள்ளை இனி என்ன நினைக்கும்? தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் தீ வேண்டும், ஆவி சுடும், கண்ணுக்குத் தெரியும். மூன்றும் தப்பு. மூன்றையும் வகுப்புக்கு வெளியே கற்றுக்கொள்ளவில்லை. அனுபவத்தோடு இணைக்கிறோம் என்ற பெயரில் நாம்தான் முத்திரை குத்திக் கொடுத்தோம்.

இது இட்லிப் பானை உள்ள ஊரில் மட்டும் நடக்கிற குழப்பமும் இல்லை. நியூசிலாந்தில் ஆஸ்பர்ன், காஸ்குரோவ் என்ற இருவர் கொதிக்கும் கெட்டிலைக் காட்டி, அதில் எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு, 1983இல் அதை எழுதினார்கள். காற்று என்றார்கள். வெப்பம் என்றார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றும் சொன்னார்கள். பல வருடம் அறிவியல் படித்த பெரிய பிள்ளைகளிடமும் இந்தப் பதில்கள் இருந்தன. தினமும் பார்க்கிற ஒன்றைப் பற்றி நமக்கு எவ்வளவு உறுதியாகத் தப்பான கருத்து இருக்க முடியும் என்பதற்குக் கெட்டிலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழம். நம் வீட்டில் ஆவியாதல் என்று யாரும் சொல்வதில்லை. துணி காய்கிறது. தலைமுடி உலர்கிறது. குளம் வற்றுகிறது. பால் சுண்டுகிறது. கழுவிவிட்ட தரை தண்ணீரை ‘இழுத்துக்கொள்கிறது’. ஐந்து சொற்கள், ஐந்து வேறுவேறு காட்சிகள். பிள்ளையின் மனத்தில் இவை ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சம்பவங்கள். ஆவி என்ற சொல்லோ வேறொரு இடத்தில் இருக்கிறது: சளி பிடித்தால் ஆவி பிடிப்போம், இட்லி ஆவியில் வேகும், பேய்ப்படத்தில் ஆவி வரும். முதல் இரண்டும் சுடும். பாடப்புத்தகத்தின் ஆவியாதல், வீட்டின் காய்தலோடும் வற்றுதலோடும் சேர வேண்டிய சொல். உருவ ஒற்றுமையால் இட்லிப் பானையில் போய் ஒட்டிக்கொண்டது. காய்வதும் வற்றுவதும் சுண்டுவதும் அடிப்படையில் ஒன்றுதானா என்று பிள்ளைகள் ஒரு மணிநேரம் அடித்துக்கொண்டால் அதுதான் ஆவியாதல் பாடம். சன்னலோரத்துப் பெண் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். திறந்த கதவு வழியாக யாரும் போகவில்லை.

இதே மாதிரி வகுப்பைத் தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தை ஒட்டிய பள்ளியிலும் ஓட்டலாம். அங்கே பாத்தியில் விட்ட கடல்நீர், கரண்டி நெருப்புகூட இல்லாமல், வெயிலிலும் காற்றிலும் குறைந்து குறைந்து உப்பாவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மேகம் மூடிய நாளில் உப்பு விளையாது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடமும் இட்லிப் பானையைக் காட்டி ஆவியாதலைக் கற்பிக்கலாம். கற்பிக்கத்தான் செய்வோம். மாதிரி வகுப்பு என்றாலே எல்லா ஊருக்கும் ஒரே அனுபவம் என்றுதானே பொருள்.

உளவியலாளர் பியாஜே சொன்ன இரண்டு அசைவுகளில் ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம் என்பது என் ஊகம். புதிதாக வருவதை இருக்கிற பெட்டிக்குள் போட்டுக்கொள்வது ஒன்று. பெட்டி போதவில்லை என்று கண்டு பெட்டியையே மாற்றிக்கொள்வது மற்றொன்று. முதலாவது சுகமானது, சிரிப்பும் கைதட்டலும் வரும், வீடியோவில் அழகாக இருக்கும். இரண்டாவது வகுப்பை அமைதியாக்கும், சிலசமயம் எரிச்சலூட்டும். அனுபவவழிக் கல்வியின் தத்துவவாதி டியூவியும் 1938இல், எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது, மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிற அனுபவமும் உண்டு என்று தன்னைப் பின்பற்றியவர்களிடமே எச்சரித்தார். அவர் பெயரைச் சொல்லியே அனுபவத்தை விற்கிறவர்களுக்கு இது வசதியான புத்தகம் இல்லை.

அனுபவம் பாடத்தோடு சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மாசசூசெட்ஸில் நடந்த ஒரு நாலாம் வகுப்பு. புரூஸ் வாட்சனும் ரிச்சர்ட் கோனிசெக்கும் 1990இல் எழுதியது. வெப்பத்தைப் பற்றிய பாடம். வெப்பம் எதிலிருந்து வருகிறது என்று டீச்சர் கேட்டார். சூரியன், அடுப்பு என்று தொடங்கிய பிள்ளைகள் ஸ்வெட்டர், தொப்பி, கம்பளம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். பிறந்ததிலிருந்து பனிக்காலம் பார்த்தவர்கள். ஸ்வெட்டர் போட்டால் சூடாவதை அனுபவித்தவர்கள். அந்த டீச்சர் ‘தப்பு’ என்று சொல்லவில்லை, ‘வெரி குட்’டும் சொல்லவில்லை. சரி, அளந்து பாருங்கள் என்றார். வெப்பமானியை ஸ்வெட்டருக்குள், தொப்பிக்குள், சுருட்டிய கம்பளத்துக்குள் வைத்தார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. ஏறவில்லை. நேரம் போதாது என்றார்கள் பிள்ளைகள். ராத்திரி முழுக்க வைத்தார்கள். ஏறவில்லை. வெளிக்காற்று உள்ளே போய்விடுகிறது என்று பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டினார்கள், அலமாரிக்குள் பூட்டினார்கள். அப்போதும் ஏறவில்லை. நாட்கள் போயின. தோற்றுப்போகிற தங்கள் கொள்கையைக் காப்பாற்ற அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டில் எத்தனை அறிவியல் இருந்தது! மாறுகிற காரணிகளைக் கட்டுப்படுத்துவது என்று நம் பாடப்புத்தகம் பத்தியாக எழுதுவதை அவர்கள் பிடிவாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள்.

நம் பிள்ளைக்கு ஸ்வெட்டர் அனுபவம் குறைவு. ஆனால் அவனுக்கு அந்த மாசசூசெட்ஸ் பிள்ளையைவிட நல்ல சொத்து ஒன்று இருக்கிறது. போர்வை சூடு தரும் என்று அவனும் நம்புகிறான். அதே பிள்ளை மீன் சந்தையில் ஐஸ் பாளத்தைச் சாக்கால் சுற்றியும் மரத்தூளில் புதைத்தும் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறான். போர்வை சூடு தருமென்றால் சாக்குக்குள் இருக்கும் ஐஸ் வேகமாக உருக வேண்டுமே? இரண்டு அனுபவமும் ஒரே தலைக்குள், ஒன்றையொன்று சந்திக்காமல், இரண்டு தெருக்களில் குடியிருக்கின்றன. ஆசிரியர் செய்ய வேண்டியது இரண்டையும் ஒரே திண்ணையில் உட்காரவைப்பது மட்டும்தான். வெப்பமானிகூட வேண்டாம். இப்படி ஒரு பாடக்குறிப்பை நான் பார்த்ததில்லை. ‘முன்னறிவு: மாணவர்கள் போர்வை வெப்பம் தருவதை அறிவர்’ என்று எழுதினால்கூட நான் மகிழ்வேன், குறைந்தபட்சம் ஒரு தப்பான அறிவை ஒருவர் அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார்.

தமிழ்ப் பிள்ளைக்கு ‘சூடு’ என்ற சொல்லே ஒரு முழு மருத்துவக் கொள்கை. பப்பாளி சூடு, மாம்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர்ச்சி, வெந்தயம் குளிர்ச்சி. இந்தச் சூட்டை வெப்பமானியால் அளக்க முடியாது. வகுப்பில் ‘வெப்பம்’ படிப்பான், வீட்டில் ‘சூடு’ பேசுவான். தேர்வுத்தாளுக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று. முன்னறிவைக் கேட்கிறோம் என்ற பயிற்சிகளில் ஒன்றிலாவது இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோமா?

பருவகாலங்கள் இன்னொரு பழைய பள்ளம். ‘அடுப்புக்குக் கிட்டப் போனா சுடும், அதே மாதிரி சூரியனுக்குக் கிட்டப் போனா கோடை’ என்று இணைப்பதைப்போல இயல்பான இணைப்பு உண்டா? 1987இல் எடுக்கப்பட்ட ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற ஆவணப்படத்தில், ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு நின்ற பட்டதாரிகளிடமும் பேராசிரியர்களிடமும் கோடை ஏன் வருகிறது, நிலா ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டார்கள். 23 பேரில் 21 பேருக்கு இரண்டில் ஒன்றையாவது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோடைக்குத் தூரத்தைத்தான் பெரும்பாலும் காட்டினார்கள். அடுப்பு அவர்களையும் விடவில்லை. ஆனால் நம் கையில் அவர்களிடம் இல்லாத ஒரு மார்கழி இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்டத்தில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. விடியற்காலை பல் கிட்டிக் குளிக்கிற மாதத்தில் சூரியன் நமக்கு வருடத்திலேயே நெருக்கம். இதை ஏழாம் வகுப்பில் சொல்லிவிட்டு, அடுத்து வாயைத் திறக்காமல் நின்று பாருங்கள். அந்த வகுப்பு உங்களை வெளியே விடாது. ஜூலையில் தூரம் 15 கோடி 20 லட்சமாகிறது என்பதை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இங்கே ‘இணைத்தல்’ இன்னும் மலிவு. கூட்டல் பாடம் என்றால் ஒரு கடை, வகுத்தல் என்றால் ஒரு மிட்டாய்ப் பொட்டலம். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற 9 முதல் 15 வயதுவரையிலான ஐந்து பிள்ளைகளைப் பற்றி, டெரெசின்ஹா கராஹெரும் டேவிட் கராஹெரும் அனலூசியா ஷ்லீமனும் 1985இல் எழுதினார்கள். வாடிக்கையாளர்போலப் போய்க் கேட்டபோது 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வைத்துக் கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37. 12 வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு தேங்காய் 35 குருசேரோ, நாலு தேங்காய் எவ்வளவு என்றபோது, மூன்றுக்கு 105, அதோடு 30, பிறகு இன்னும் ஐந்து என்று ஏற்றி 140 என்றான். அதே பையனிடம் 35ஐ நாலால் பெருக்கச் சொன்னபோது, பள்ளியில் கற்றபடி ‘கையிருப்பு’ இரண்டை மூன்றோடு கூட்டிவிட்டுப் பெருக்கி 200 என்று எழுதினான். தெருவில் ஒருவன் 200 கேட்டிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

நம் ஊர்களிலும் அதே கதை என்பதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அவர்கள் குழுவும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துக் காட்டி, 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மனக்கணக்கில் விற்பவர்கள் பள்ளிக்கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பாலம் தானாக முளைக்கவில்லை.

இணைக்கச் சொல்கிறவர்கள், பார்த்தீர்களா, அதனால்தான் இணைக்கச் சொல்கிறோம் என்பார்கள். எப்படி இணைக்கிறோம் என்பதைப் பாருங்கள். ‘முருகன் கடைக்குப் போய் நாலு தேங்காய் வாங்கினான்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பெருக்கலைச் செங்குத்தாக எழுதச் சொல்கிறோம். கடை ஒரு வேஷம். அந்தத் தேங்காய்ப் பையன் மூன்றுக்கு 105 என்று தொடங்கிச் சேர்த்த வழி கரும்பலகைக்கு ஏறுவதே இல்லை. அவனுடைய வழிக்கும் செங்குத்துப் பெருக்கலுக்கும் நடுவில் இருக்கும் உறவு, அதாவது 35 என்பது முப்பதும் ஐந்தும் என்ற பங்கீடு, அதுதான் கற்பிக்க வேண்டிய கணிதம். பூக்கடையில் முழம் போட்டு விற்கிற அம்மாவுக்கு உதவுகிற பெண் எத்தனை முழத்துக்கு எவ்வளவு என்று தலைக்குள் செய்வதை நாம் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. விலையை மட்டும் கேட்டு, உதாரணமாக்கி, அனுப்பிவிட்டோம்.

ஒத்துப்போகிற அனுபவம் மட்டும் வகுப்புக்குள் வரும் என்றால், ஒத்துப்போகிற வீடு மட்டும்தான் வரும். ‘இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்ற கேள்விக்கு வகுப்பே இட்லி என்று சொல்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது, பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்பதால்தான். அந்தப் பிள்ளைகளும் இட்லி என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கறி என்று சொல்லாமல் எத்தனை பேர் வெறுமனே கறி என்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். இது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நான் சொல்ல வருவது, பாடம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறது என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் படித்துவிடுகிறார்கள் என்பதுதான். நாம் அனுபவம் என்று நினைத்துச் சேகரிப்பது பாதி, நம் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பனை செய்தது.

அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் வேறொன்று செய்தார்கள். ஆசிரியர்களை மெக்சிகப் பின்னணியுள்ள மாணவர்களின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். சொல்லித்தருவதற்காக இல்லை, அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொண்டு வர. எல்லைக்கு அப்பாலிருந்து மிட்டாய் கொண்டுவந்து விற்ற ஒரு பையனைப் பார்த்து, மிட்டாய் செய்வதையே ஒரு பாடமாக வளர்த்தெடுத்தார்கள். இதைச் சொன்னால், நம் ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு, எமிஸ் தளத்தில் பதிவேற்றம், தேர்தல் வேலை, போர்ஷன் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாலு நிமிடத்தை எல்லோரும் கண்டுபிடித்தார்களே. அதே நாலு நிமிடத்தில் அந்தப் பெண்ணிடம், “அடுப்பு இல்லாம எப்பிடிம்மா காஞ்சிது?” என்று கேட்டிருக்கலாமே. அதற்கு நேரம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. அதன் பதிலை நாம் எதிர்பார்த்திருக்கவில்லை, அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயம், அவ்வளவுதான். அந்த டீச்சரை மட்டும் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், நிறைய வருடம்.

சிறு பிள்ளைகளை முரண்பாட்டில் நிறுத்தினால் குழம்பிவிடுவார்கள் என்பது இன்னொரு எதிர்வாதம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகள் முப்பது வருடம் தாங்களே சோதனை செய்து, சண்டை போட்டு, அறிவியல் படித்தார்கள். 2002இல் அரசு அதை மூடியதற்குப் பிள்ளைகள் குழம்பியது காரணம் இல்லை. குழப்பத்துக்குப் பயப்படுவது பெரியவர்கள்தான்.

அந்தப் பயிற்சி முடிந்து கொஞ்ச நாளில் நண்பர் ஒருவரின் ஆறாம் வகுப்பில் உட்கார அனுமதி வாங்கினேன். அவர் இட்லியைத் தொடவில்லை. மழைநாளில் வீட்டுக்குள் போட்ட துணி ஏன் காய்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஃபேன் போட்டா காயும் சார்.” “ஃபேன் போடலன்னாலும் காயுதுடா, லேட்டாகும்.” “காத்து குடிச்சிடுது சார்” என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. ‘காற்று குடித்துவிடுகிறது’ என்று கரும்பலகையில் எழுதினார். தப்பு என்றும் எழுதவில்லை, சரி என்றும் எழுதவில்லை. “எவ்வளவு குடிக்கும்?” என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர், பேனாவால் கோடு. ஒன்றைத் திறந்து வைத்தார்கள், இன்னொன்றைத் தட்டால் மூடினார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை நான் போகவில்லை, நண்பர் போனில் சொன்னார். திறந்திருந்ததில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடியதில் இறங்கவே இல்லை. ஆனால் தட்டின் அடிப்பக்கத்தில் முத்துமுத்தாகத் துளிகள். காத்து குடிச்சதென்றால் உள்ளே இருந்த காத்து குடித்ததைத் துப்பிவிட்டதா, அல்லது அதன் வயிறு நிரம்பிவிட்டதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்பதாகவும், பெல் அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றும், பாடக்குறிப்பில் எந்தத் தலைப்பின் கீழ் இதை எழுதுவதென்று தெரியாமல் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருப்பதாகவும் சொன்னார்.